ஆற்றங்கரை வரை எட்டும் ஜூம்

இந்தச் சின்ன டிஜிட்டல் கேமரா பல வருஷமாக என்னிடம் இருக்கிறது. படம் சுமார்தான், ஜூம் மட்டும் நன்றாக இழுக்கும்.

சைதாப்பேட்டை ஆற்றங்கரையில் இருந்த எங்கள் வீட்டை இடித்து, பெரும்பாக்கத்தில் ஃபிளாட் கொடுத்தார்கள். என் மனைவி சுலோச்சனா அங்கே இன்னும் பால் காய்ச்சவில்லை. "அது நம்ப வூடு இல்லய்யா" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் பாலத்தில் நின்றோம். வீடு இருந்த கரையில் புல்தான் இருந்தது. முழுதாக ஜூம் செய்தேன். திரையில் எங்கள் வீடு நின்றது.

"இன்னாய்யா முழிக்கிற?" என்று கேமராவைப் பிடுங்கிப் பார்த்தாள். "ஐயே, கதவு தொறந்து கீது! யாராச்சும் பூந்துடப் போறான். சாத்திட்டு வந்துர்றேன்."

திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கி ஓடினாள்.

ஜூமில் பார்த்தேன். உள்ளே போய், கதவை உள்பக்கமாகச் சாத்திக்கொண்டாள்.

ஜூமைக் குறைத்தேன். கரையில் புல் மட்டும் அசைந்தது.