விண்கலத்தில் போன நாய்

எங்கள் நாய் சிட்டு காணாமல் போய் ஒன்பது நாளாகிறது. மகள் வளர்மதி சோற்றை அளைவதோடு சரி. நான் மூட்டை இறக்கிவிட்டு வந்து, விண்கலத்தில் தனியாகப் போகும் ஒரு நாயின் கதையை அவளுக்கு எழுத்துக்கூட்டி வாசிப்பேன். முதியோர் வகுப்பில் கற்ற எழுத்து. நான் திக்கி நின்றால் கலமும் நட்சத்திரங்களுக்கு நடுவே அப்படியே நிற்கும். "நீங்க படிக்கிற வேகத்துக்கு அது கிழடாயிடும்" என்பாள் மனைவி பேச்சி.

இன்று கடைசிப் பக்கம். கலத்தில் காற்று தீர்ந்தது என்றிருந்த வரியை விரலால் மூடிக்கொண்டேன்.

"அப்புறம் என்னப்பா?" என்றாள் வளர்மதி.

"பூமிக்கு வந்து ஒரு வீட்டுக் கதவைப் பிறாண்டுது" என்று ஒரே மூச்சில் வாசித்தேன்.

பேச்சி என் விரலையே பார்த்தாள். பிறகு எழுந்துபோய்க் கதவைத் திறந்துவைத்தாள்.