எதிரி ஊர்க் கிணறு

ராணுவக் கல்லூரி வகுப்பறையில் மணலைக் குவித்து மலை, ஆறு, ஊர் செய்து வைப்பது சடையாண்டியின் வேலை. பதினோரு வருசமாக ஒரே ஊர்தான். தீப்பெட்டிதான் வீடு, சோடா மூடிதான் கிணறு. அதிகாரி கொடுத்த பழைய போட்டோவில் பேர் கிடையாது; எதிரி ஊர் என்பார்கள். வெளிநாட்டு மாணவர்களைச் சேர்த்தது இந்த வருசந்தான். அவர்களில் தமிழ் பேசும் ஒருவன் வகுப்புக்கு முன்னாலேயே வந்து குனிந்து வெகுநேரம் பார்த்தான். "கிணறு இங்க இல்லண்ணே, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால," என்று சிரித்துக்கொண்டே மூடியை நாலு விரற்கடை தள்ளி வைத்தான். "உனக்கெப்படிப்பா தெரியும்?" "எங்க ஊராச்சே. அம்மா இப்பவும் அதுலதான் தண்ணி எடுக்குது." அதற்குள் எல்லாரும் வந்துவிட்டார்கள். அதிகாரி குண்டுக்கு அடையாளமாகப் பஞ்சு உருண்டை ஒன்றை அந்த மாணவன் கையிலேயே கொடுத்தார். "இது எதிரி ஊர். முதல் குண்டு தண்ணி மேல விழணும்னு நேத்தே சொன்னேன். வை." அவன் மூடி முதலில் இருந்த வெறும் மணலில் பஞ்சை வைத்தான். "கிணறு அங்கயா இருக்கு?" என்ற அதிகாரி, குனிந்து பார்த்தார். "மூடிய யார் நகர்த்தினது?" "என் கை பட்டுருச்சுங்கய்யா," என்று சடையாண்டி மூடியை எடுத்துப் பழைய இடத்தில், பஞ்சுக்கு அடியில் வைத்தார். "இப்பச் சரி. முழு மார்க்கு." வகுப்பு கைதட்டியது. அவன் மட்டும் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மூடி பதிந்திருந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அதிகாரியின் கண் அங்கே போவதற்குள் சடையாண்டி அதை உள்ளங்கையால் தடவி அழித்தார்.