பன்னிரண்டாவது வீடியோ

“புருஷன் கடத்தல்காரன் கையில. இவ இஸ்திரி மடிப்புக் கலையாம வர்றதைப் பாருங்க அண்ணி,” என்றாள் நாத்தனார்.

மெக்கானிக்கின் மனைவி பார்த்தாள். கேப்டனின் மனைவி படியேறி வந்துகொண்டிருந்தாள். உதட்டில் லேசாகச் சாயம். வாசலில் மைக்கை நீட்டிய டிவிக்காரர்களுக்கு ஒரு சிரிப்பு வேறு.

“முதல் ரெண்டு மாசம் ஊரைக் கூட்டி அழுதாளே. இப்ப என்ன வந்துச்சாம்?”

“மெதுவா பேசு. காதுல விழப்போகுது.”

“விழட்டுமே.”

வீட்டில் நாத்தனாருக்கு ‘வானொலி’ என்றே பேர். நிறுத்துவதற்குத்தான் குமிழ் கிடையாது.

சரக்குக் கப்பலை ஆயுதக் கும்பல் பிடித்து நாலு மாதம் ஆகிவிட்டது. மாட்டிக்கொண்டவர்கள் பன்னிரண்டு பேர். வியாழக்கிழமை தோறும் பன்னிரண்டு குடும்பமும் வெளியுறவு அலுவலகத்தின் மூன்றாவது மாடிக்கு வந்து, ஆளுக்கு ஒரு நிமிடம் வீடியோவில் பேச வேண்டும். அதிகாரி அதைக் கும்பலுக்கு அனுப்புவார். கணக்காகப் பன்னிரண்டும் போனால்தான் அந்த வாரம் போனை எடுப்பார்கள். அவர்கள் போட்ட நிபந்தனை அது. இங்கே எத்தனை பேர் நடுங்குகிறோம் என்று பார்க்கிற ஆசையோ என்னவோ.

அன்றைக்கு மெக்கானிக்கின் மனைவியின் முறை வந்தது. போன வாரம் கும்பல் பேசிய போனில் பின்னால் துப்பாக்கிச் சத்தம் கேட்டதாம். கணவர் குரலைக் கேட்டு இருபத்து மூன்று நாள். அதுவும், “பாப்பா சாப்பிட்டாளா?” என்ற ஒரே கேள்வி. அதோடு இணைப்பு போய்விட்டது.

காமிராவைப் பார்த்து, “நாங்க நல்லா இருக்கோம்,” என்று தொடங்கியவள் மேலே பேச முடியாமல் நின்றாள். மீதி நிமிடம் விம்மலிலேயே போயிற்று.

கடைசியாகக் கேப்டனின் மனைவி உட்கார்ந்தாள். “என்னங்க, மாடி ரூம்ல பல்பு ஃபியூஸ் போயிடுச்சு. ஏணி போட்டு நானே மாத்திட்டேன். நீங்க வந்து குறை சொல்லக்கூடாது, ஆமா,” என்றாள். பக்கத்து வீட்டு ஆளிடம் பேசுவதுபோலச் சரளமாக இருந்தது.

முடிந்ததும் அதிகாரி அவளை மட்டும் தன் அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். இது ஏழாவது வாரமாக நடக்கிறது.

“பார்த்தீங்களா அண்ணி? கேப்டனை மட்டும் தனியா மீட்டுடப் போறாங்க. இல்லேன்னா இவளுக்குச் சிரிப்பு எங்கேருந்து வரும்? எங்கண்ணன் எண்ணெய்த் துணியோட நிக்கிறவன்தானே. யாருக்கு வேணும்?”

மெக்கானிக்கின் மனைவி சாத்திய கதவையே பார்த்தாள். கேப்டனை விட்டுவிட்டால் மற்றவர்கள் கதி? அதற்கப்புறம் இந்த அலுவலகத்தில் போனை எடுப்பதற்காவது ஆள் இருக்குமா?

கீழே டிவிக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். “பேச்சுவார்த்தை திருப்தியா இருக்காம்மா?”

“சொல்லுங்க அண்ணி,” என்று வானொலி முதுகில் இடித்தது.

“அங்கே கேப்டனுக்கு மட்டும்…” என்று வாயெடுத்தாள்.

ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. கேப்டனின் மனைவி. “இவங்களுக்குத் தலை சுத்துதாம். விடுங்க சார்,” என்று சிரித்தபடி அவளை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள். விரல்கள் ஐஸ் கட்டியாகச் சில்லிட்டிருந்தன.

“கேப்டனைப் பத்தி ஒரு வார்த்தை பேசாதீங்க. ஒரே ஒரு வாரம்.”

“ஏன் பேசக்கூடாது? உங்க ஆள் வந்தா போதும், எங்க ஆள் எக்கேடு கெட்டா என்னவா?”

“உங்க வீட்டுக்காரர் வருவார். வரணும். கால்ல வேணும்னாலும் விழறேன், வாயைத் திறக்காதீங்க.”

அத்தனை நெருக்கத்தில்தான் மெக்கானிக்கின் மனைவி அவள் கண்ணைப் பார்த்தாள். நாலு மாதத்தில் தினமும் கண்ணாடியில் பார்த்த பயமெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. பேசாமல் பஸ் ஏறிவிட்டாள். வீடு போய்ச் சேரும்வரை நாத்தனாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

ஐந்தாம் நாள், உடனே வரச் சொல்லி எல்லா வீட்டுக்கும் போன். நல்லதா கெட்டதா என்று சொல்லவில்லை. மூன்றாவது மாடியில் பன்னிரண்டு குடும்பமும் கூடியது.

அதிகாரி கையில் ஒரு தாள். “விமானம் கிளம்பிடுச்சு. ஏறினவங்க பேரைப் படிக்கிறேன்.”

ஏழாவதாக மெக்கானிக்கின் பெயர் வந்தது. வானொலி அண்ணியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

பதினோரு பெயர் படித்துவிட்டு அதிகாரி தாளை மடித்தார்.

மெக்கானிக்கின் மனைவிதான் முதலில் கேட்டாள். “சார், கேப்டன் பேரை விட்டுட்டீங்களே?”

அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“கேப்டனைச் சுட்டு ஏழு வாரம் ஆச்சும்மா. நமக்காக அங்கே பேசப் போனவர் ரகசியமா வந்து சொன்னார். உயிரோட இருக்கார்னே அவங்க பேரம் பேசிட்டிருந்தாங்க; அவரைக் கடைசியா அனுப்புறோம்னு சொல்லித்தான் இப்ப மத்தவங்களை விட்டாங்க. நமக்குத் தெரிஞ்சு போச்சுன்னு அவங்களுக்குச் சந்தேகம் வந்திருந்தா, கண்ணால பார்த்த பதினோரு பேரையும் விட்டு வெச்சிருக்க மாட்டாங்க. அதான் இவங்ககிட்ட கேட்டேன், ஒண்ணுமே நடக்காத மாதிரி வாராவாரம் வந்து பேச முடியுமான்னு.”

எல்லோரும் கேப்டனின் மனைவி பக்கம் திரும்பினார்கள்.

“விமானம் எல்லையைத் தாண்டிடுச்சா சார்?” என்று கேட்டாள் கேப்டனின் மனைவி.

“தாண்டிடுச்சும்மா.”

“பதினோரு பேரும் உள்ளேதானே இருக்காங்க?”

“இருக்காங்க.”

“அப்ப நான் இனிமே அழலாம், இல்லையா?”