அச்சில் ஒரு முடி

டெட்ராய்ட்டில் இளைஞர்கள் சிலர் திருட்டுத்தனமாக நடத்திய வியட்நாம் போர் எதிர்ப்புப் பத்திரிகையைத் தட்டச்சு செய்து, அச்சுக்குப் போகும் அட்டையில் பக்கம் பக்கமாக வெட்டி ஒட்டியவள் மார்னி. ஆசிரியர் குழுவில் ஆண்களின் பெயர்கள் மட்டும்தான் வரும்.

"என் பேரு எங்க?" என்று ஒருமுறை கேட்டாள்.

"புரட்சி பண்றப்ப பேரு எதுக்கு மார்னி? காப்பி இருக்கா?" என்றான் ஆசிரியன் வெண்டல். எல்லாரும் சிரித்தார்கள்.

பத்திரிகைக் கட்டுகளோடு போன வேன் கவிழ்ந்து மார்னி இறந்தாள். அடுத்த இதழிலிருந்து, ஆசிரியர் குழுவின் பெயர்களுக்குக் கீழே நீளமான தலைமுடி ஒன்று அச்சாகி வந்தது.

"உங்க கூட்டத்துல ஒருத்தனாவது முடி வெட்டிக்கக் கூடாதாப்பா?" என்றார் அச்சகக்காரர் காஸ்.

ஒட்டிய அட்டையில் முடி எதுவும் இல்லை. அச்சுப் பிளேட்டைத் துடைத்தும் பார்த்தார்கள். அப்போதும் வந்தது. இடுப்புவரை முடி அவர்களில் ஒருத்திக்குத்தான் இருந்தது. அதைக் காஸிடம் சொல்ல வெண்டலுக்கு நாக்கு கூசியது.

அடுத்த இதழுக்கு அவனே உட்கார்ந்து தட்டச்சு செய்து, மார்னியின் பெயரை எல்லாருக்கும் மேலே ஒட்டினான். மை காயாத முதல் தாளைக் காஸ் நீட்டினார்.

"பாரு, கீழ சுத்தமா இருக்கு."

கீழே சுத்தமாகத்தான் இருந்தது. முடி மேலே ஏறி, மார்னி என்ற பெயரைக் குறுக்கே அடித்திருந்தது.