தக்காளியின் வாடை

ஒரு தோட்டத்தில் தக்காளிச் செடியும் கத்தரிச் செடியும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. கத்தரிக்கு அந்தப் பக்கம் ஒரு மிளகாய்ச் செடி. மிளகாய்க்கு முன்னால் பூத்துவிட வேண்டும் என்பதுதான் கத்தரியின் ஆசை.

ஆனால் தக்காளியிடமிருந்து ஒரு பச்சை வாடை காற்றில் வர ஆரம்பித்ததிலிருந்து கத்தரி வளரவே இல்லை. துளிர் விடுவது நின்றது. இருந்த இலைகள் தடித்துக் கசந்தன. மிளகாயோ மொட்டு வைத்துவிட்டது.

"அக்கா, உன் நாத்தம் தாங்க முடியல. உன் பக்கத்துல நின்னே நான் குட்டையாப் போயிட்டேன்."

"சந்தனம்னு நினைச்சுக்கோயேண்டி," என்றது தக்காளி. அதன் குரல் மெலிந்திருந்தது. கத்தரி கோபத்தில் இலைகளை மறுபக்கம் திருப்பிக்கொண்டது.

ஒரு காலையில் தக்காளியிடமிருந்து கொழுத்த புழு ஒன்று ஊர்ந்து வந்து கத்தரியின் இலையைக் கடித்தது. "தூ! வேப்பெண்ணெய் மாதிரி கசக்குது," என்று துப்பிவிட்டு இறங்கிப் போயிற்று.

கத்தரி திரும்பிப் பார்த்தது. தக்காளியின் இலைகளில் வெறும் நரம்புகள்தான் மிச்சம். உச்சியில் மட்டும் ஒரு புதுத் துளிர் நிமிர்ந்து நின்றது.

"எப்பலேருந்து அக்கா?"

"உனக்கு நாத்தம் அடிச்ச அன்னிலேருந்து."

கத்தரி அந்தத் துளிரையே பார்த்துக்கொண்டு நின்றது. அதற்குள் அதன் கடிபட்ட இலையிலிருந்தும் அதே வாடை கிளம்பி மிளகாயிடம் போயிருந்தது.

"ச்சீ, இப்ப உன்கிட்டேயும் நாறுதே!" என்று மூஞ்சியைச் சுளித்தது மிளகாய்.

"சந்தனம்னு நினைச்சுக்கோடி," என்றது கத்தரி.