சாட்சிக்கு வந்தவர்

வில்பர் மணியை அடித்துவிட்டு இரண்டடி பின்னால் வந்து நின்றான். வழக்கம்போல் உள்ளே ஒரு அசைவும் இல்லை.

பக்கத்தில் போலீஸ்காரர் பரேதெஸ் நின்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகளை வெளியே கூட்டிப்போகலாம் என்று அரேகிப்பா நகர கோர்ட் வில்பருக்கு உத்தரவு போட்டிருந்தது. போட்டு என்ன, முன்னாள் மனைவி யோவானா கதவைத் திறந்தால்தானே? அவள் திறக்கவில்லை என்று சொல்ல ஒரு சாட்சி வேண்டும். அதற்குத்தான் பரேதெஸ்.

மகள் லுஸ்மிலா கைக்குழந்தையாக இருந்தபோது பிரிந்தது. இப்போது நாலு வயது. மாடி ஜன்னல் திரையை விலக்கிக்கொண்டு ஒரு சின்ன முகம் எட்டிப் பார்க்கும். அவனுக்குக் கிடைத்த மகள் அவ்வளவுதான்.

"கத்தாதே, கையை ஆட்டாதே, மிரட்டினான்னு கேஸ் போட்டுருவாங்க" என்று வக்கீல் எச்சரித்திருந்தார். அதனால் ஒரு கையில் பட்டைப்பொடி தூவிய பால் ஐஸும், இன்னொரு கை கோட்டுப் பைக்குள்ளுமாக வில்பர் மரம் மாதிரி நிற்பான்.

பரேதெஸுக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது. ஜன்னலைப் பார்த்துக் கையசைப்பார். தொப்பியைக் கழற்றி வேடிக்கை காட்டுவார். குழந்தையும் கையசைக்கும்.

அதைத் தனக்கும் சேர்த்துத்தான் என்று வில்பர் எடுத்துக்கொள்வான்.

ஐஸ் உருக ஆரம்பித்ததும், வீணாக வேண்டாமே என்று பரேதெஸிடம் கொடுத்துவிடுவான். அவர் அங்கேயே நின்று சாப்பிடுவார்.

"இன்னைக்கும் எனக்குத்தான் போலிருக்கு" என்றார் அவர்.

அப்போது தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

போன வாரம் கோர்ட் யோவானாவைக் கடுமையாகக் கண்டித்திருந்தது. அவள் கதவைத் திறந்து, தெருப்பக்கம் பார்க்காமலே, "போ, உங்கப்பா வந்திருக்காரு" என்றாள்.

இரட்டைப் பின்னலும் புது ஷூவுமாக லுஸ்மிலா ஓடி வந்தாள்.

வில்பர் வக்கீலை மறந்தான். அப்படியே மண்டி போட்டுக் கைகளை விரித்தான்.

அவள் அவனைச் சுற்றிக்கொண்டு போய்ப் பரேதெஸின் காலைக் கட்டிக்கொண்டாள்.

"அப்பா, எப்பவும் நீயே தின்னுடுறியே. இன்னைக்கு எனக்கும் தா."

பரேதெஸின் முகம் வெளுத்துவிட்டது. "நான் இல்லம்மா..." என்று தொடங்கினார்.

வில்பர் வேண்டாமென்று தலையை ஆட்டினான். மெல்ல எழுந்து ஐஸை அவர் கையில் கொடுத்தான்.

"பூங்கா வரைக்கும் நீங்களும் வாங்க சார்" என்றான். "என்கூடத் தனியா வரமாட்டா."