தொடைக் கம்பி

"சாம்பல் போகலாம். கம்பி போகாது."

விமான நிலையக் காவலர் மூன்றாவது முறையாகச் சொன்னார்.

அவள் நகரவில்லை.

ட்ரேயில் இரண்டே பொருள்கள். துணியால் வாய் கட்டிய மண்கலயம் ஒன்று. பழைய செய்தித்தாளில் சுற்றிய கம்பி ஒன்று. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. தீயில் கறுத்திருந்தது.

"எங்க அத்தான் தொடையில வச்ச கம்பி சார்," என்றான் அவள் தம்பி கொம்பையா. "மூணு வருசத்துக்கு முன்ன பைக்ல இருந்து விழுந்தாவ. ஆபரேசன் பண்ணி உள்ள வச்சது. இப்ப கம்பெனி குடோன்ல தீப்பிடிச்சு…"

காவலர் கம்பியை எடுத்தார். எடை பார்த்தார். உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டினார்.

தட்டிப் பார்க்க அது என்ன தேங்காயா?

"இத வச்சு ஒருத்தர அடிக்கலாம்மா. அதான் ரூல்."

அடிக்கலாம்தான். யாரை என்று கேட்டிருந்தால் அவள் பெயர் பெயராகச் சொல்லியிருப்பாள். குடோனின் பின்கதவைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போனவன் முதல் ஆள்.

சுவரில் ஒரு பலகை. கொண்டுபோகக் கூடாத பொருள்களின் படங்கள். துப்பாக்கி, கோடாரி, கிரிக்கெட் மட்டை. அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இதுல இந்தக் கம்பி எங்க இருக்கு? காட்டுங்க."

"எல்லாத்தையும் படம் போட முடியுமாம்மா?"

பின்னால் நின்றவர் உச்சுக்கொட்டிவிட்டு அவளைத் தாண்டிப் போனார். அவரிடம் நீளக் குடை. நுனியில் விரல் நீளத்துக்குக் கூரான இரும்பு. ஸ்கேனர் பெல்ட்டில் போயிற்று, மறுபக்கம் வந்தது, எடுத்துக்கொண்டு நடந்தார். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவள் காவலர் பக்கம் திரும்பினாள்.

"அவிய உசுரோட இருந்து, இது அவிய தொடைக்குள்ள இருந்திருந்தா என்ன செய்வீய?"

"அது வேறம்மா. டாக்டர் சர்ட்டிபிகேட் காட்டினா விட்டுருவோம்."

"இப்ப மட்டும் என்ன?"

"இப்ப வெளிய இருக்கே."

அட, என்ன மூளை! சதைக்குள் இருந்தால் வைத்தியம். சதை எரிந்துபோனால் ஆயுதம். இந்தச் சட்டத்தை எழுதின மகராசன் நல்லா இருக்கட்டும்.

லக்கேஜில் போடுங்கள் என்றார்கள். கொம்பையா கவுண்டருக்கு ஓடினான். மூச்சிரைக்கத் திரும்பி வந்தான். லக்கேஜ் வாங்கும் நேரம் முடிந்துவிட்டதாம்.

"அக்கா, மத்தியானம் ஆத்துல கரைக்கணும். அத்தையும் சொந்தக்காரவியளும் காத்துட்டு இருப்பாவ. இதப் போட்டுட்டு வா. இரும்புதானக்கா."

அவள் அவனை முறைத்தாள்.

குடோனில் நான்கு பேர் எரிந்தார்கள். சவக்கிடங்கில் நான்கும் கரி. முகம் என்று ஒன்றுமில்லை. இதில் உன் புருசன் நயினார் எது என்று அவளைக் கேட்டார்கள். பதினோரு வருசம் ஒரே வீட்டில் இருந்தவள். தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. கடைசியில் டாக்டர் அதில் ஓர் உடலின் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். வலது தொடையில் கம்பி.

அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

நான்கு பேரையும் கம்பெனியே ஒரே சாயங்காலத்தில் எரித்து முடித்தது. மறுநாள் நான்கு கலயங்கள். எல்லாம் ஒரே அளவு. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர்ச் சீட்டு. அவள் கையில் கொடுத்ததில் சீட்டின் ஓரம் பிய்ந்திருந்தது. அடியில் வேறொரு சீட்டு. அதில் வேறொரு பெயர்.

"மாறிப் போயிருக்காதுல்லா?"

"அதெல்லாம் கரெக்டா இருக்கும்மா," என்று சொல்லி விமான டிக்கெட்டை நீட்டினார் கம்பெனி ஆள். பேப்பர்காரர்கள் வருவதற்குள் அவளை ஊருக்கு ஏற்றிவிட வேண்டும். அவருக்கு அந்த அவசரம்.

மயானத்தில் வேலை பார்த்தவர்தான் அவளைத் தனியே கூப்பிட்டார். செய்தித்தாள் பொட்டலத்தைக் கொடுத்தார். "இது உங்க வீட்டுக்காரரோடது. நாலு பேர்ல அவருக்கு மட்டும்தான் இருந்துச்சு," என்றார்.

ஒலிபெருக்கியில் அவர்கள் இருவரின் பெயரையும் கூப்பிட்டார்கள். கடைசி அழைப்பு.

காவலர் காலால் ஒரு தொட்டியை அவள் பக்கம் தள்ளினார். உள்ளே நகவெட்டி, லைட்டர், கத்தரிக்கோல், யாரோ ஒரு பிள்ளையின் பொம்மைத் துப்பாக்கி.

"இதுல போடுங்கம்மா. சாம்பலோட நீங்க தாராளமா போகலாம்."

அவள் கலயத்தை எடுத்தாள். சீட்டை ஒருமுறை விரலால் அழுத்தி ஒட்டினாள். தம்பியின் இரண்டு கையிலும் வைத்தாள்.

"நீ பிளேன்ல போ. அத்தகிட்ட குடு. மரியாதையா கரைக்கச் சொல்லு. யாரா இருந்தாலும் பாவம்."

"நீ வராம எப்பிடிக்கா?"

காவலரின் கையிலிருந்து கம்பியை வாங்கினாள். கரி ஒட்டியிருந்த இடத்தை முந்தானையால் துடைத்தாள்.

"நான் இவியளக் கூட்டிக்கிட்டு பஸ்ல வாரேன்."